மறு: ரெசிஸ்டன்ஸ்: ‘எதிர்ப்பு’ சரிப்படவில்லை

குழுவினருக்கு வணக்கம்.

மருந்துக் கடைகளில் ஒட்டப்போகும் ஆன்டிபயாடிக் அறிவிப்புக்குச் சொல் தேடும் இந்த இழையை ஒரு வாரமாகப் படித்து வருகிறேன். பதினாறு வருடமாகக் கவுன்டருக்குப் பின்னால் நிற்பவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆன்டிபயாடிக்கைப் பொறுப்போடு கையாள்வதைச் சொல்லும் ‘ஸ்டூவர்ட்ஷிப்’புக்குப் ‘பொறுப்பாண்மை’ என்று முடிவானதில் எனக்குச் சண்டை இல்லை. அது அறிக்கையில் வாழும் சொல், கடைப்பக்கம் வராது. ‘கோர்ஸ்’ அப்படியே இருக்கட்டும். “டாக்டர் எழுதின கோர்ஸ முடிச்சீங்களா?” என்றால் எண்பது வயதுப் பாட்டிக்கும் புரிகிறது. இடிப்பது ரெசிஸ்டன்ஸ்தான், அதாவது மருந்து போட்டும் கிருமி சாகாமல் தாக்குப்பிடிப்பது.

வரைவில் உள்ள வாக்கியம்: “நுண்ணுயிர் எதிர்ப்பிகளைத் தேவையின்றிப் பயன்படுத்தினால் நுண்ணுயிர் எதிர்ப்புத்திறன் பெருகும்.” இதை அச்செடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தேன். மறுநாள் சர்க்கரை மாத்திரை வாங்க வந்த பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நிதானமாகப் படித்தார். “எதிர்ப்பு சக்தி கூடுதுன்னா நல்லதுதானம்மா? அதுல ஒரு அட்டை குடு” என்றார்.

அவர் படித்ததில் தப்பே இல்லை. ‘எதிர்ப்பு சக்தி’ என்றாலே நமக்கு நல்லது; கபசுரக் குடிநீர் குடித்த காலத்தில் அது இன்னும் ஊறிப்போயிற்று. போதாததற்கு, எதிர்ப்பி என்பது மருந்து, எதிர்ப்பு என்பது அந்த மருந்தின் தோல்வி! ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ என்றால் நுண்ணுயிரை எதிர்ப்பதா, நுண்ணுயிர் எதிர்ப்பதா? உருபு மறைந்த இந்தத் தொகைச்சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது.

இன்னொரு குழப்பம் இதைவிட ஆழம். “உடம்புக்கு மருந்து பழகிடுச்சு, அதான் வேலை செய்யல” என்பார்கள். பழகியது உடம்பு அல்ல, கிருமி. பெனிசிலினை உடைக்கும் நொதியைச் சுரக்கவும், உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளவும் கற்றுக்கொண்டது கிருமி. 1945இல் நோபெல் உரையில், பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் ஓர் ஆளைக் கற்பனை செய்து காட்டினார். அந்த ஆள் தொண்டைவலிக்குத் தாமாகவே பெனிசிலின் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். கிருமியைக் கொல்ல அந்த அளவு போதவில்லை. தப்பிக்கப் பாடம் நடத்தப் போதுமாக இருந்தது. அதே கிருமி மனைவிக்கு நிமோனியாவாகத் தொற்றுகிறது, பெனிசிலின் பலிக்கவில்லை, அவள் இறந்துபோகிறாள். மாத்திரை போட்டது ஓர் உடம்பு, மருந்து பலிக்காமல் போனது வேறோர் உடம்பில். ஆகவே சொல்லுக்குள் கிருமி இருந்தே ஆக வேண்டும்.

புதிதாக எதையும் ஆக்க வேண்டாம் என்பது என் கட்சி. கடைக்கு வருகிறவர்களே சொல்கிறார்கள்: “போன வாட்டி குடுத்த மாத்திரைக்குக் காய்ச்சல் கேக்கவே இல்ல.” “இவனுக்குச் சிரப்புக்குக் கேக்காது, ஊசி போட்டாத்தான் கேக்கும்.” இந்தக் ‘கேட்பது’தான் நாம் தேடும் வினை. மருந்து கேளாக் கிருமி, மருந்து கேளாமை. ‘சொற்கேளாப் பிள்ளை’ மாதிரி.

---

> மருந்து கேளாமை

அம்மா, சொல் காதுக்கு இனிமையாக இருக்கிறது. மூன்று தடை. ஒன்று, ‘கேளாமை’ என்றதும் காது கேளாமைதான் நினைவுக்கு வரும். இரண்டு, உங்கள் கடையிலேயே ‘மருந்து கேட்டு வந்தார்’ என்பீர்கள். ‘மருந்து கேளாமை’ என்றால் மருந்து வேண்டும் என்று கேட்காமல் இருப்பது என்றாகிவிடும். மூன்று, ‘சொற்கேளா’வில் தொக்கி நிற்பது ‘ஐ’. சொல்லைக் கேளாத பிள்ளை. உங்களுக்கு வேண்டியது ‘கு’, மருந்துக்குக் கேளாத கிருமி. உருபை விழுங்கினால் பொருள் புரண்டுவிடும். ‘மசியாமை’யைப் பாருங்களேன். மருந்துக்கு மசியாக் கிருமி.

---

ஐயா,

மூன்றாவது தடைக்குத் தலை வணங்குகிறேன், உருபை மீட்டுக்கொள்வோம்: மருந்துக்குக் கேளாக் கிருமி. ஓர் அசை நீளம், போகட்டும். அதிலேயே இரண்டாவதும் அடிபட்டுப்போகிறது. முதலாவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கிருமிக்குக் காது ஏது?

இரண்டாவதை மட்டும் முழுக்க விட மனமில்லை; மருந்தைக் கேட்பதும் மருந்துக்குக் கேட்காததும் கவுன்டரில் ஒரே பேச்சில் வருகின்றன. டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற மருந்துகளில் சிலவற்றுக்குக் கூடுதல் கட்டுப்பாடு வைக்கும் எச்-1 அட்டவணை 2014 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் உள்ள செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தால் எழுதிய டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். மூன்று வருடம் பத்திரமாக இருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் “நாலே நாலு குடுங்க, பக்கத்துக் கடையில தர்றாங்க” என்று நிற்பவரிடம் எனக்குக் கிடைப்பது அரை நிமிடம். அப்போது, “அண்ணே, நீங்களா கேட்டு வாங்கிப் போட்டா, நாளைக்குக் கிருமி மருந்துக்குக் கேக்காது” என்று சொல்லலாம். எதிர்ப்புத்திறனை வைத்துக்கொண்டு இதைச் சொல்லிப் பாருங்கள்.

மசியாமை அழகுதான், ஆனால் அதற்கு எதிர்ப்பதம் தடுமாறும். கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு “இதுல என்ன போட்டிருக்கு?” என்று வருகிறார்கள். மருந்துப் பெயர்களுக்கு எதிரே எஸ், ஆர் என்று இருக்கும். எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. ஒரே வினையில் இரண்டும் முடிந்தது. ‘மசியும்’ என்று சொன்னால் கீரைக்குச் சரி.

பெரியவர் இந்த மாத மாத்திரைக்கு இன்னும் வரவில்லை. பழைய தாளைக் கிழித்துவிட்டு, “சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். கிருமி மருந்துக்குக் கேட்காமல் போய்விடும்” என்று கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். அவர் படித்துவிட்டு என்ன கேட்கிறார் என்று எழுதுகிறேன்.