டேலியா: மூன்று கிழங்கு அழுகிவிட்டது, முளைத்ததில் இலை மட்டும்தான்

பின்கட்டு:

வீட்டின் பின்புறம் 10 அடிக்கு 4 அடி பாத்தி. காலை ஏழிலிருந்து மதியம் ஒரு மணி வரை நேர்வெயில், பிறகு மதில் நிழல். களிமண் பாங்கான மண். மக்கிய தொழுவுரம் இரண்டு கூடை போட்டுக் கொத்தியது. 8 டேலியா பூச்செடிக் கிழங்குகளை அரையடி ஆழத்தில், ஒன்றரை அடி இடைவெளியில் நட்டேன். நட்ட அன்று நிறைய தண்ணீர், அதன் பிறகு தினமும் கிழங்குக்கு ஒரு குவளை.

மூன்று கிழங்குகள் மூன்று வாரத்தில் கூழாகிவிட்டன. இரண்டு முளைக்கவே இல்லை, ஆனால் தோண்டித் தொட்டால் கெட்டியாக இருக்கின்றன. மீதி மூன்றும் மூன்றரை அடிக்குக் கரும்பச்சையாக வளர்ந்து நிற்கின்றன. ஒரு மொட்டு கிடையாது. பத்து நாளுக்கொரு முறை செடிக்கு ஒரு தேக்கரண்டி யூரியா போடுகிறேன்.

முளைக்காத இரண்டையும் எறிந்துவிடலாமா? பூக்காததற்கு நிழல் காரணமா? நுனி கிள்ள வேண்டும் என்கிறார்களே, எப்போது, எந்த இடத்தில்? இனிமேல் குச்சி ஊன்றலாமா? வீட்டில் சின்னப் பிள்ளைகளும் ஒரு நாயும் உண்டு. இந்தச் செடி விஷமா?

செம்மண்:

எறிய வேண்டாம், முதலில் கழுத்தைப் பாருங்கள். உருளைக்கிழங்கு என்பது தண்டு, அதனால் உடம்பெல்லாம் கண், அதாவது முளை கிளம்பும் இடம், இருக்கும். டேலியாவில் தடித்திருப்பது வேர். அதன் வயிற்றில் கண் வரவே வராது. பழைய தண்டின் அடியும் கிழங்கின் கழுத்தும் சேரும் அந்த விரல்நக அகலத்தில் மட்டும்தான் கண். பிரிக்கும்போது தண்டடித் துண்டு ஒட்டி வராவிட்டால், அல்லது கழுத்து ஒடிந்துவிட்டால், கிழங்கு மாதக்கணக்கில் கெட்டியாகக் கிடக்கும், கீழே வேர்கூட விடும்; தளிர் மட்டும் விடாது. பார்ப்பவர் "இன்னும் நேரம் ஆகும்போல" என்று காத்துக்கொண்டே இருப்பார்.

சோதிக்க ஒரு வழி: பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமான கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூள்) படுக்க வையுங்கள், கழுத்துப் பகுதி வெளியே தெரியட்டும். 20 டிகிரியை ஒட்டிய இடம், நேர்வெயில் வேண்டாம். கண் உயிரோடு இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் பரு மாதிரி எழும்பும். மந்தமான ரகங்கள் ஐந்தாறு வாரமும் எடுக்கும். அதற்கு மேலும் ஒன்றும் இல்லையென்றால் எருக்குழிக்கு அனுப்பலாம்.

அழுகலுக்குக் காரணம் அந்தத் தினசரிக் குவளைதான். புதிதாக நட்ட கிழங்கில் தண்ணீர் உறிஞ்சச் சல்லிவேர் கிடையாது. முளைவிடத் தேவையான ஈரமும் சத்தும் கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. வெளியே ஊற்றுவது களிமண்ணில் தேங்கி, காற்றை வெளியேற்றி, கிழங்கைப் பூஞ்சைக்குத் தின்னக் கொடுக்கும். டேலியாவின் பிறப்பிடம் மெக்சிகோவின் மேட்டுநிலங்கள். அங்கே வறண்ட குளிர்காலம் முழுக்கக் கிழங்கு மண்ணுக்குள் தூங்கும், மழை தொடங்கியதும் வளரும். தூங்கும்போது ஈரம் ஆகாது என்பது அதன் பரம்பரைக் குணம்.

மறுபடி நடும்போது மண்ணை 15 செ.மீ. மேடாகக் கட்டுங்கள். குழி 10 முதல் 15 செ.மீ. ஆழம் போதும், களிமண்ணில் 10. கிழங்கைக் கிடையாக வைத்து, கண் மேல்நோக்கி இருக்கப் பொடிமண்ணால் மூடுங்கள். மண்ணின் சூடு 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் பொறுங்கள். நான்கு இலை வந்த பிறகுதான் ஆழமாகத் தண்ணீர்: வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஓர் அடி ஆழம் நனையும்படி. தினமும் தெளிப்பது வேரை மேல்மண்ணிலேயே நிறுத்திவிடும்.

ஈரக்கை:

ஒரு திருத்தம். "முளைக்கும் வரை தண்ணீரே கூடாது" என்பது களிமண்ணுக்குத்தான் பொருந்தும். மணல்மண்ணிலும் காய்ந்த வெயிலிலும் அப்படி விட்டால் கிழங்கு சுருங்கி, கண் மேலே வருவதற்கு முன்பே கருகிவிடும். அங்கே நடுவதற்கு முந்தின நாள் குழியை நனைத்து, நட்டபின் மேலே சருகு மூடாக்குப் போட்டு, வாரத்துக்கொரு தரம் விரல் விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு அங்குல ஆழத்தில் தூசியாக உதிர்ந்தால் மட்டும் லேசாக ஊற்றலாம். முளை தெரிந்ததும் மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிவையுங்கள். நத்தைக்கு அதைவிட நல்ல மறைவிடம் கிடையாது; டேலியாவின் இளந்தளிரை ஒரே இரவில் மொட்டையடித்துவிடும்.

நாய் விஷயம்: நாய்க்கும் பூனைக்கும் டேலியா லேசான நச்சுச்செடிதான். மென்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம், சிலவற்றுக்குத் தோலில் தடிப்பு. தோண்டுகிற பழக்கமுள்ள நாயென்றால் கிழங்கு பாத்தியைச் சுற்றி இரண்டடி வலை கட்டிவிடுங்கள். எலும்புத்தூள் போடாதீர்கள், அந்த வாசனைக்கே தோண்டும். சாறு பட்டுச் சிலருக்குக் கை அரிக்கும் என்பதால் பிள்ளைகள் பூப்பறித்த பின் கை கழுவினால் போதும்.

மொட்டுக்கிள்ளி:

பூ ஏன் வரவில்லை என்று சொல்ல இரண்டு விவரம் வேண்டும்: நட்டு எத்தனை வாரம், என்ன ரகம்?

பின்கட்டு:

ஒன்பது வாரம் முடிந்தது. இரண்டு செடிகள் டின்னர்பிளேட் (தட்டளவு பெரிய பூ ரகம்), ஒன்று பாம்பான் (சின்ன உருண்டைப் பூ ரகம்). நுனி இதுவரை கிள்ளவில்லை, மூன்றுமே ஒற்றைத் தண்டு.

மொட்டுக்கிள்ளி:

அப்படியானால் டின்னர்பிளேட் இரண்டும் தாமதமே இல்லை. அந்தப் பெரிய ரகங்கள் நட்டதிலிருந்து மூன்றரை, நான்கு மாதம் எடுப்பது வழக்கம். பாம்பான்தான் இந்நேரம் மொட்டுக் காட்டியிருக்க வேண்டும். அதைத் தடுப்பது யூரியா. நிழல் இல்லை: ஆறு மணி நேர நேர்வெயில் கிடைக்கிறது, அதுவே தேவையான குறைந்தபட்சம். பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மதிய நிழல் நல்லதும்கூட. கடும் வெயிலில் மொட்டு கருகும், பூ நிறம் வெளிறும்.

யூரியா வெறும் தழைச்சத்து. செடிக்கு "வளர்ந்துகொண்டே இரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். பூ தள்ளிப்போவதோடு முடியாது: தண்டு சதசதப்பாகி ஒடியும், அசுவினி (சாறு உறிஞ்சும் சிறுபூச்சி) மொய்க்கும், அடுத்த பருவத்துக்கான கிழங்கு நீர்கோத்துச் சேமிப்பில் அழுகும். இன்றோடு நிறுத்துங்கள். தொழுவுரமே அடியில் இருப்பதால் மூன்று வாரத்துக்கு வேறு எதுவும் வேண்டாம். பிறகு 5-10-10 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) மாதிரி தழைச்சத்து குறைந்த கலவையை மாதம் ஒருமுறை, பையில் அச்சிட்டிருக்கும் அளவில் பாதி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிப் போட்டு நீர் பாய்ச்சுங்கள்.

நுனி கிள்ளுதல்: செடி ஓர் அடி, ஒன்றேகால் அடி இருக்கும்போது நான்காவது இலைச்சோடிக்குச் சற்று மேலே நடுக்குருத்தை விரலால் ஒடிப்பது. ஒவ்வோர் இலைக்கக்கத்திலிருந்தும் ஒரு கிளை கிளம்பும். முதல் பூ இரண்டு மூன்று வாரம் பின்னுக்குப் போகும், மொத்தப் பூ பல மடங்காகும். உங்கள் செடி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. மூன்றரை அடியில் பாதியாக வெட்டினால் தண்டு அங்கே குழல், மழைநீர் உள்ளே இறங்கி அடியை அழுகவைக்கும். மேல்நுனியின் இரண்டு அங்குலக் குருத்தை மட்டும் கிள்ளுங்கள், அதுவும் பாம்பானில் மட்டும். டின்னர்பிளேட்டை இந்தப் பருவம் அப்படியே விடுங்கள்.

மொட்டு வந்ததும் ஒவ்வொரு நுனியிலும் மூன்றாக வரும். பெரிய பூ வேண்டுமானால் பட்டாணி அளவில் இருக்கும்போதே பக்கத்து இரண்டையும் உருட்டி எடுத்துவிடுங்கள். பாம்பானுக்கு இந்த வேலை வேண்டாம், கொத்தாகப் பூப்பதுதான் அதன் அழகு. வாடியதை வெட்டும்போது பலர் புதுமொட்டை வெட்டிவிடுகிறார்கள்: புதுமொட்டு பொத்தான் மாதிரி உருண்டை, இதழ் உதிர்ந்தது கூம்பு மாதிரி கூர், அழுத்தினால் மெத்தென்று இருக்கும். குவளையில் வைக்க முக்கால்வாசி விரிந்த பிறகு வெட்டுங்கள். மொட்டாக வெட்டினால் தண்ணீரில் விரியாது.

செம்மண்:

குச்சி நடும்போதே ஊன்றியிருந்தால் ஒன்று போதும். இப்போது தண்டருகே குத்தினால் கிழங்குக் கொத்தைத் துளைக்கும். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி முக்கோணமாக மூன்று குச்சி, ஒன்றரை அடி மண்ணுக்குள், நாலடி மேலே. ஒன்றரை அடி உயரத்தில் ஒரு சுற்று, மூன்றடியில் ஒரு சுற்று சணல்கயிறு. தண்டைக் குச்சியோடு கட்டுவதாக இருந்தால் எட்டு (8) வடிவில் சுற்றி, விரல் நுழையும் தளர்வில் கட்டுங்கள். இறுக்கிய கயிறு காற்றில் குழல்தண்டை அறுத்துவிடும்.

வறண்ட வெயிலில் அடியிலைகளில் ஊசிக்குத்து மாதிரி வெளிர்புள்ளி, அடியில் நூலாம்படை தெரிந்தால் அது சிவப்புச் சிலந்தி என்ற சாறுறிஞ்சும் சிற்றுயிர். மூன்று நாளுக்கொரு முறை இலையின் அடிப்பக்கம் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு திரவச் சோப்பும் கலந்து வெயில் தாழ்ந்தபின் தெளிக்கலாம்.

ஈரக்கை:

மஞ்சளைக் கண்டதும் உரம் போட ஓடாதீர்கள் என்பதையும் சேர்த்துவிடுகிறேன். கீழ் இலைகள் ஒட்டுமொத்தமாக மஞ்சளாவது சத்துக்குறை அல்லது நீர்த்தேக்கம். புதிய இலைகளில் நரம்பை ஒட்டி வெளிர்கோடு ஓடி, செடி குட்டையாகவே நின்றால் மொசைக் வைரஸ்; அசுவினி பரப்புவது, மருந்து கிடையாது. கிழங்கோடு பிடுங்கிக் குப்பையில் போட வேண்டும், எருக்குழியில் வேண்டாம். அதன் பிறகு கத்தியைப் பத்துக்கு ஒன்று பிளீச் கலந்த நீரில் நனைத்துத் துடைக்காமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள்.

பின்கட்டு:

முளைக்காத இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் கழுத்து மடங்கி, பொருக்குத் தட்டியிருக்கிறது. இன்னொன்றில் தண்டடியில் செம்மை கலந்த சின்னப் புடைப்பு. பூ முடிந்தபின் இவற்றைத் தோண்டியே ஆக வேண்டுமா?

செம்மண்:

புடைப்புதான் கண். உடனே கோகோபீட்டுக்கு மாற்றுங்கள், விரல் நீளம் தளிர் வந்ததும் மேட்டுப்பாத்தியில் வையுங்கள். மடங்கியது தேறாது.

தோண்டுவது மண் உறையுமா, ஊறிக்கிடக்குமா என்பதைப் பொறுத்தது. இரண்டும் இல்லாத இடத்தில் மண்ணிலேயே விடலாம். உங்கள் களிமண்ணில் தோண்டிவிடுங்கள். இலை பழுத்ததும் தண்டை அரையடி விட்டு வெட்டி, குழல்வாயை அலுமினியத்தாளால் மூடி, ஒன்றிரண்டு வாரம் கழித்து ஓர் அடி தள்ளிச் சுற்றிலும் நெம்பித் தூக்குங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் கழுத்துகள் போய்விடும். கழுவி நிழலில் ஓரிரு நாள் ஆற்றி, லேசான ஈரமுள்ள மரத்தூளில் 4 முதல் 10 டிகிரிக்குள் வையுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்: சுருங்கினால் கொஞ்சம் நீர் தெளிக்கலாம், பூசணம் கண்டால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு வெட்டுவாயில் கந்தகப்பொடி தடவுங்கள்.