சீனி வருத்தம் (நீரிழிவு), மரத்துப்போன பாதம், மழைக்காலக் கொழுந்து மலை: வீட்டில் என்ன பார்க்கணும்?

நானுஓயா மகள்:
அம்மாவுக்கு 54 வயசு. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமினும் கிளிக்லசைடும் குடிக்கிறாங்க. இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போறாங்க. பாதம் மரத்த மாதிரி இருக்காம், ராவில எரிச்சல். மழைன்னா பூட்ஸுக்குள்ள தண்ணி, அட்டைக்கடி வேற. ஒரு கிளினிக்குக்கும் அடுத்த கிளினிக்குக்கும் இடையில வீட்டில என்ன செய்யணும்?

மருந்துக்காரர்:
முதல்ல உணர்ச்சி எவ்வளவு இருக்குன்னு பாருங்க தங்கச்சி. அம்மா கண்ணை மூடிக்கட்டும். ரெண்டு காலிலயும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்க விரலால ஒண்ணு ரெண்டு செக்கன் மெதுவா தொடுங்க. அழுத்தாதீங்க, தட்டாதீங்க. தொட்டது தெரிஞ்சா வலது, இடதுன்னு சொல்லணும். ரெண்டு காலிலயும் சேர்த்து ஆறு விரல்ல ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியலைன்னா கால் ஆபத்துல இருக்குன்னு அர்த்தம். அடுத்த கிளினிக்ல இதைச் சொல்லி முழுக் கால் பரிசோதனை கேளுங்க.

வேலை முடிஞ்சு வந்ததும் தினமும் சோப்பு போட்டுக் கழுவணும். தண்ணிச் சூட்டை அம்மாவோட காலால பார்க்காதீங்க, உங்க முழங்கையால பாருங்க. விரலிடுக்கை ஒத்தி ஒத்திக் காய வைக்கணும். ஈரம் நின்னா தோல் வெளுத்து ஊறி வெடிக்கும், சேத்துப்புண்ணும் அங்கதான் தொடங்கும். தேங்காயெண்ணெய் பாதத்துக்கும் குதிகாலுக்கும் மட்டும், இடுக்குல வேணாம். அடிப்பாதத்தை நீங்களே லைட் அடிச்சுப் பாருங்க, இல்லைன்னா கண்ணாடியைத் தரையில வச்சு அம்மா பார்க்கட்டும். நகத்தை நேரா வெட்டணும், ஓரத்தைத் தோண்டக்கூடாது. ஆணிக்காலை பிளேட்டால சீவவே கூடாது.

பூட்ஸ் போடுறதுக்கு முன்னால கவுத்துத் தட்டி, உள்ள கைவிட்டுத் தடவணும். சின்னக் கல்லு கிடந்தாலும் மரத்த காலுக்குத் தெரியாது, பொழுதுக்கும் அதுமேலயே நடப்பாங்க. பருத்தி சொக்ஸ் இன்னொரு சோடி பொலித்தீன்ல சுத்திக் கொண்டுபோய், பகல் சாப்பாட்டு நேரத்துல மாத்தச் சொல்லுங்க. வீட்டுக்குள்ளயும் வெறுங்கால் வேணாம்.

பழைய கொழுந்துக்காரி:
அட்டை விஷயத்துல நம்ம ஆளுங்க செய்யிறது பாதி தப்பு. கடிச்ச இடத்துல சுண்ணாம்பு வச்சா, மரத்த கால்ல தோல் வெந்தாலும் தெரியாது. உப்போ நெருப்போ வச்சா அட்டை வயித்துல இருக்கிறதைக் காயத்துக்குள்ளயே கக்கலாம். மெல்லிசான முனைதான் வாய்ப்பக்கம். அங்க நகத்தைப் படுக்க வச்சு நகர்த்துங்க, பிறகு தடிச்ச பக்கம். எச்சில் ரத்தத்தை உறைய விடாது, அதனால கழுவிட்டு சுத்தமான துணியால 10, 15 நிமிஷம் விடாம அழுத்தணும். அஸ்பிரின் குடிக்கிறவங்களுக்கு இன்னும் நேரமெடுக்கும். கடியைவிட பிறகு வர்ற அரிப்புதான் மோசம். சொறிஞ்சுதான் புண்ணாகும்.

மருந்துக்காரர்:
அக்கா சொன்னது சரி. இன்னொண்ணு, கிளிக்லசைட் குடிச்சிட்டு சாப்பாடு பிந்தினா ரத்தத்துல சீனி இறங்கும். மேடு ஏறினாலே வேர்க்குமே, அதனால பலர் கவனிக்கிறதில்ல. குளிர்ல நிக்கும்போதே வேர்வை, கைநடுக்கம், பேச்சுத் தடுமாற்றம்னா அதுதான். சீனி பார்க்கிற மெஷின் இருந்தா 70 mg/dLக்குக் கீழ காட்டும், இல்லைன்னா பார்த்துக்கிட்டு நிக்க வேணாம். மூணு தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணில கரைச்சுக் குடிக்கணும். 15 நிமிஷத்துல தெளியலைன்னா மறுபடியும் அதே அளவு, தெளிஞ்சதும் ரொட்டியோ சோறோ. பிஸ்கட், சொக்லேட்டை நம்பி இருக்காதீங்க, மெதுவாத்தான் ஏறும். மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தாம, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு 1990 ஆம்புலன்ஸுக்கு அடிங்க. இடுப்புல கட்டுற படங்குக்குள்ள சீனிப் பொட்டலம் இருக்குன்னு பக்கத்து நிரைக்காரங்களுக்கும் தெரியணும்.

நானுஓயா மகள்:
ராவில பாதம் சில்லுன்னு இருக்குன்னு அடுப்புக்கிட்ட காலை நீட்டுறாங்களே, பரவாயில்லையா?

மருந்துக்காரர்:
வேணவே வேணாம். சுடுதண்ணிப் போத்தலும் வேணாம். சூடு தெரியாததால கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பீங்க. இறுக்கமில்லாத கம்பளிச் சொக்ஸ் போதும். கொப்புளம் வந்தா உடைக்காம, சுத்தமான துணி கட்டிக் காட்டுங்க. புண்ணைச் சுத்திச் சிவப்பு பரவினாலோ, ஒரு கால் மட்டும் சூடா வீங்கினாலோ, நாத்தமோ கறுப்போ காய்ச்சலோ இருந்தாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி. வலி இல்லையேன்னு கிளினிக் நாள் வரைக்கும் வச்சிருக்காதீங்க.