சிங்கராஜ வனப் பாதையில் மாணவர்களுக்கு எதைக் காட்டலாம்?

ஒட்டுசுட்டான் ஆசிரியர்:
வணக்கம். எமது பாடசாலையின் உயர்தர உயிரியல் மாணவர்களை இலங்கையின் தென்மேற்கிலுள்ள சிங்கராஜ வனத்துக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். பாலை, வீரை, முதிரை மரங்கள் நிற்கும் வன்னிக் காட்டோரத்தில் வளர்ந்த இப்பிள்ளைகளில் ஒருவரும் மழைக்காட்டைக் கண்டதில்லை. குடாவ வாயிலிலிருந்து செல்லும் பாதையில் எங்கெங்கே நின்று பார்க்க வேண்டும், எந்த மாதம் உகந்தது என்பதைச் சென்று வந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

மாங்குளம் வாசகர்:
சேர், ஜனவரி முதல் மார்ச் வரை மழை சற்றுக் குறைவு. ஆனாலும் அட்டைகள் இருக்கும். நீண்ட காலுறையும் சவர்க்காரமும் அவசியம். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

முல்லைத்தீவு வாசகர்:
அந்தப் பாதையே முதற்பாடம், சேர். 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரம் தறித்தபோது இயந்திரங்கள் செல்வதற்கென வெட்டப்பட்ட வழி அது. மக்கள் எதிர்ப்பினால் 1977இல் தறிப்பு நிறுத்தப்பட்டது; 1988இல் அவ்வனம் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. பாதையோரத்தில் வெளிச்சத்தை நாடி நெருங்கி வளர்ந்த செடிகளையும், கோடரி படாத உட்காட்டில் உயர்ந்த மரங்களின் கீழ் நிலவும் இருளையும் அடுத்தடுத்துக் காட்டினால், ஒரு காடு மீள்வதற்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

இலைகளைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பாலையின் இலை தடித்தது, அதன் நுனி உள்வாங்கியிருக்கும். அங்கேயோ பல இலைகளின் நுனி வால்போல நீண்டு, விழுந்த மழைநீரை உடனே வடியவிடும். ஆண்டு முழுவதும் மழை பெறும் காட்டுக்கும், ஐப்பசி முதல் மார்கழி வரையான மழையை நம்பி நீண்ட வரட்சியைத் தாங்கும் வன்னிக் காட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்களும் கரிச்சானும் முன்செல்ல, பல இனப் பறவைகள் ஒன்றாக இரைதேடி வரும் கூட்டம் எதிர்ப்பட்டால், அது கடந்து போகும்வரை அசையாமல் நிற்பது நல்லது.

நெடுங்கேணி வாசகர்:
மேலே கூறியதை முழுமனதுடன் ஏற்கிறேன். ஆயினும் முதலில் எங்கள் காட்டிலேயே ஒரு நாள் நடக்க வையுங்கள். பாலை மெதுவாக வளரும் மரம்; இன்று தறித்ததை எங்கள் வாழ்நாளில் திரும்பக் காணமாட்டோம். பிள்ளைகள் பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டுவதை அறிவார்களே தவிர, அப்பழக்காலத்தில் கரடி அம்மரங்களை நாடி வருவதையும், அதன் எச்சத்தோடு விதை பரவுவதையும் பலர் அறியார். வன அலுவலர் ஒருவரை உடனழைத்துச் செல்லுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்பட்ட, மக்கள் நாளாந்தம் பயன்படுத்தும் பாதையை விட்டு எவரும் விலகக் கூடாது.

ஒட்டுசுட்டான் ஆசிரியர்:
மிக்க நன்றி. சிங்கராஜப் பயணத்தைப் பெப்ரவரிக்கு வைத்துக்கொண்டு, அதற்கு முன்னர் இங்குள்ள காட்டு நடைக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கிறேன்.