மணிமேகலையை மூலத்திலேயே படிக்க எங்கே தொடங்குவது?

மொட்டைமாடி கேட்டது:

ஃபேன்டஸி நாவல்களும் கவிதையும் சரளமாக ஓடுகின்றன. வானத்தில் பறக்கும் பெண், அள்ள அள்ளக் குறையாத பாத்திரம், பேசும் தூண் எல்லாம் மணிமேகலையில் இருக்கிறதே என்று மூலத்தைத் திறந்தால் பதிகமே (முன்னுரைப் பாட்டு) தாண்டவில்லை. அதை விட்டு முதல் காதைக்கு (அத்தியாயத்துக்கு) போனால் நாலாவது அடி ‘தூங்கெயில் எறிந்த தொடித்தோட் செம்பியன்’. யார் தூங்கினார்கள், எதை எறிந்தார்கள்? உரைநடைச் சுருக்கம் வேண்டாம், பாட்டாகவே படிக்கணும். எந்தக் காதையில் தொடங்கலாம், எந்தப் பதிப்பு, ஒரு நாளைக்கு எவ்வளவு?

தாழிசை:

பதிகத்தைக் கடைசியில் படியுங்கள். முப்பது காதையிலும் என்ன நடக்கிறது என்று அது வரிசையாகச் சொல்லிவிடும். கதை தெரியாதவருக்கு அது வெறும் பட்டியல். கதையைத் தெரிந்துகொள்ளப் போகிறவருக்கோ சஸ்பென்ஸ் போச்சு.

அந்த அடியைப் பிரித்தால் தூங்கு + எயில். இங்கே தூங்குதல் என்றால் தொங்குதல். தூக்குச்சட்டி, தூக்கணாங்குருவி என்று இன்றும் புழங்குகிற அதே வேர்தான். எயில் கோட்டை, எறிதல் அழித்தல், தொடி தோளில் போடும் வளை. ஆக, தொங்கும் கோட்டையை அழித்த, வளையணிந்த தோளுடைய சோழன். எங்கே தொங்கியது என்பதைச் சிலப்பதிகாரத்தின் அம்மானை வரி சொல்கிறது: ‘உயர்விசும்பில் தூங்கெயில் மூன்றெறிந்த சோழன்காண் அம்மானை’. வானத்தில் மிதக்கும் மூன்று கோட்டைகள்! நாலாவது அடியிலேயே நீங்கள் தேடி வந்தது வந்துவிட்டது. தெரிந்த சொல் என்று நினைத்து இன்றைய பொருளை மாட்டிவிட்டதுதான் கோளாறு. தெரியாத சொல்லென்றால் அகராதியைத் திறப்போம். தெரிந்த சொல்தான் ஏமாற்றும்.

தொடங்க நல்ல இடம் 16ஆம் காதை, ஆதிரை பிச்சையிட்டது. முன்கதை தெரியாமலே தனியாக நிற்கும். ஆதிரையின் கணவன் சாதுவனின் கப்பல் உடைகிறது, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் ஒதுங்குகிறான், ஆளைத் தின்கிறவர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். அவர்கள் மொழி அவனுக்குத் தெரியும் என்பதால் தப்பிக்கிறான். கள் காய்ச்சும் பானை, முடை நாற்றம், காயும் வெள்ளெலும்பு, இவற்றுக்கு நடுவே நாகர் தலைவன் மனைவியோடு உட்கார்ந்திருப்பதை ‘எண்குதன் பிணவோடு இருந்தது போல’ என்கிறார் நூலாசிரியர் சாத்தனார். எண்கு கரடி, பிணவு பெண் விலங்கு. இந்த ஒரு உவமை புரிந்துவிட்டால் மீதியைப் படிக்கும் ஆசை தானாக வரும்.

அடுத்து 17. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவல் கனியை மிதித்ததால் முனிவர் சாபம் பெற்ற காயசண்டிகை, எவ்வளவு தின்றாலும் அடங்காத ‘யானைத்தீ’ப் பசி. பிறகு 3க்குத் திரும்பி 11 வரை ஒரே ஓட்டமாகப் போகலாம். 10இல் மூன்று மந்திரங்கள் (உருமாற, வானில் செல்ல, பசி தாங்க), 11இல் கோமுகிப் பொய்கையும் அமுதசுரபியும் (நீங்கள் சொன்ன குறையாத பாத்திரம்). இந்த மந்திரங்களை மறந்துவிடாதீர்கள். 18இல் மணிமேகலை காயசண்டிகை உருவம் எடுப்பதும், 20இல் அதனால் ஒருவன் வெட்டுப்படுவதும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ஏட்டுப்பூச்சி:

பதிப்பு விஷயத்தில் ஒன்று. பழைய அச்சில் சீர் (ஓசைத் துண்டு) பிரித்திருப்பார்கள், சொல் பிரித்திருக்க மாட்டார்கள். ‘பண்புமேம் படீஇய’ என்று இருக்கும். ‘படீஇய’வை அகராதியில் தேடினால் கிடைக்காது. அது ‘மேம்படீஇய’, மேம்படுவதற்காக என்று பொருள். அதனால் முதல் வாசிப்புக்குப் பதம் பிரித்த பதிப்பு. ஓசை பிடிபட்ட பிறகு சீர் பிரித்தது.

உரைக்கு ந.மு. வேங்கடசாமி நாட்டார், ஔவை சு. துரைசாமிப் பிள்ளை உரை. 26 காதை வரை நாட்டார், கடைசி நான்கு ஔவை. உ.வே.சா.வின் 1898 பதிப்பு ஆராய்ச்சிக்குப் பொக்கிஷம், தொடக்கக்காரருக்கு அவசரமில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் மூலமும் உரையும் இலவசமாக இருக்கின்றன.

ஒரு நாளைக்கு இருபது அடி போதும். ஆனால் இருபதாவது அடியில் நிறுத்தாதீர்கள், வினைமுற்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். இது நிலைமண்டில ஆசிரியப்பா. அடிக்கு நாலு சீர், வாக்கியம் பத்துப் பதினைந்து அடி ஓடும், வினை கடைசியில்தான். அடி முடிந்தால் வாக்கியம் முடிந்தது என்று எடுத்துக்கொள்வதால்தான் பாதிப்பேர் குழம்புகிறார்கள். பென்சிலால் வினைமுற்றை வட்டமிட்டு, அங்கிருந்து பின்னோக்கி ‘யார்?’ என்று தேடுங்கள். ஒருமுறை வாய்விட்டு, ஒருமுறை உரையோடு, மறுபடி உரையை மூடி வாய்விட்டு.

கூழ்ப்பேய்:

மணிமேகலை அப்புறம் ஆகட்டும். ஃபேன்டஸிதான் வேண்டுமென்றால் முதலில் கலிங்கத்துப்பரணி. அதன் பாட்டெல்லாம் (தாழிசை என்ற பாவகை) இரண்டிரண்டு அடி, மூச்சு முட்டாது. ‘பேய்களைப் பாடியது’, ‘இந்திரசாலம்’ இரண்டையும் படித்துவிட்டு, ‘இராச பாரம்பரிய’த்தை (சோழர் வம்சாவளி) தாண்டி, போர்க்களத்தில் பேய்கள் கூழ் சமைக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். வயிறு கலங்கும், சிரிப்பும் வரும்.

தாழிசை:

பரணியின் சந்தத்தில் பொருளைக் கவனிக்காமலே ஓடிவிடும் ஆபத்து உண்டு. வாய் படிக்கும், மனசு படிக்காது. இரண்டையும் மாற்றி மாற்றிப் படிக்கலாம் என்பதோடு சமாதானம்.

மொட்டைமாடி:

16ஐ முடித்தேன், கரடி உவமையில் சொக்கிப்போனேன். 27ஐப் புரட்டினால் பிரமாணம், அனுமானம் என்று போகிறதே?

ஏட்டுப்பூச்சி:

அதில் பத்துச் சமயத்தார் தத்தம் கொள்கையைச் சொல்கிறார்கள். 29 அதைவிடக் கடினம், பௌத்தத் தருக்கம். முதல் சுற்றில் இரண்டையும் விட்டுவிடுங்கள், கதை அறுபடாது. அதற்குப் பதில் 6ஐ இரண்டு தடவை படியுங்கள். சுடுகாட்டுக் கோட்டத்தில் ‘சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்’ என்று ஐந்து வகையாக அடக்கம் செய்கிறவர்கள் வருகிறார்கள். ‘இடுவோர்’ என்றால் புதைப்போர் இல்லை, அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்கள். புதைப்பது அடுத்த சொல்லில்தான்.