கொழுப்பை உடைக்கும் நொதி மூளையில் இல்லாவிட்டால் எடை ஏறுமா?

மகிழம்பூ கேட்டது:
மருத்துவர் எனக்கு ஆர்லிஸ்டாட் எழுதிக் கொடுத்திருக்கிறார். குடலில் லைபேஸ் நொதியைத் தடுத்து, உண்ட கொழுப்பில் ஒரு பகுதியை உடலில் சேரவிடாமல் வெளியேற்றும் என்றார். அதைப் பற்றித் தேடியபோது, மூளையிலும் ஒரு லைபேஸ் உண்டு, அதை நீக்கினால் சுண்டெலிகள் குண்டாகின்றன என்று படித்தேன். குடலில் தடுத்தால் எடை குறையும், மூளையில் தடுத்தால் ஏறுமா? என் மாத்திரை மூளைக்கும் போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது.

நுண்ணோக்கி எழுதியது:
முதலில் மாத்திரை. ஆர்லிஸ்டாட் இரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். குடலிலேயே வேலையை முடித்து மலத்தோடு போய்விடும். அந்தக் கவலை வேண்டாம்.

இனி மூளை. நான் உயிர்வேதியியல் பாடம் நடத்துகிறேன். லைபேஸ் என்றதுமே கொழுப்பைக் கரைத்து இளைக்க வைப்பது என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். அது செய்வதெல்லாம் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்குவதுதான். அதன் பிறகு என்ன ஆகும் என்பது அந்தந்தத் திசுவைப் பொறுத்தது. தசை அதை எரிக்கும். கொழுப்புத் திசு மறுபடி சேமித்துவைக்கும். மூளை தன் சக்திக்குப் பெரும்பாலும் குளுக்கோஸையே நம்பியிருக்கிறது. அதனால் பசியைக் கவனிக்கும் நரம்பணுக்களுக்குக் கொழுப்பு அமிலம் எரிபொருள் என்பதைவிட, உடலில் கொழுப்பு போதிய அளவு புழங்குகிறது என்ற செய்தி என்பதே பொருத்தம். 2002-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் எலிகளின் மூளை அறைக்குள் நேரடியாக ஓலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைச் செலுத்தினார்கள். எலிகள் குறைவாகத் தின்றன. கல்லீரல் குளுக்கோஸ் உற்பத்தி செய்வதும் குறைந்தது.

நீங்கள் படித்தது 2011-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வாக இருக்கும். இரத்தத்தில் வரும் கொழுப்பை உடைக்கும் லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற நொதியை நரம்பணுக்களில் மட்டும் நீக்கிய சுண்டெலிகள், வழக்கமான தீவனத்தையே கூடுதலாகத் தின்று 16 வாரத்தில் பருத்துவிட்டன. பசியைத் தூண்டும் ஏஜிஆர்பி என்ற புரதத்துக்கான மரபணு, மூளையில் பசியைக் கவனிக்கும் ஹைபோதலமஸ் பகுதியில் அதிகமாக வேலை செய்தது. இரத்தத்தில் கொழுப்பு இருந்தும் அந்தச் செய்தி நரம்பணுவுக்குள் போய்ச் சேராததால், மூளை பட்டினி என்றே நினைத்துக்கொள்கிறது. நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

எனக்கு இன்னும் பிடித்தது 2014-ல் வந்த ஆய்வு. ஹிப்போகேம்பஸ் பகுதியில் மட்டும் இதே நொதியைக் குறைத்தார்கள். தின்னும் அளவு மாறவில்லை, ஆனாலும் எடை ஏறியது. உடல் செலவழிக்கும் சக்தி குறைந்துவிட்டது. நினைவாற்றலுக்குப் பேர்போன பகுதி எடையிலும் கைவைக்கிறது, பாருங்கள்!

தூறல் எழுதியது:
ஒன்று சேர்க்கிறேன். டிஏஜி லைபேஸ் என்று இன்னொன்று இருக்கிறது. அது கொழுப்பை உடைத்து 2-ஏஜி என்ற பொருளைத் தருகிறது. 2-ஏஜி, நரம்பணுக்களில் செய்தியை வாங்கும் சிபி1 என்ற ஏற்பியைத் தூண்டிப் பசியைக் கூட்டும். ஆக மூளையில் லைபேஸ் என்றாலே பசி அடங்கும் என்றும் சொல்ல முடியாது. அந்த ஏற்பியை அடைக்கும் ரிமோனபாண்ட் 2006-ல் ஐரோப்பாவில் எடைக் குறைப்பு மருந்தாக வந்தது. எடையும் குறைந்தது. ஆனால் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தலைகாட்டியதால் 2008-ல் நிறுத்திவிட்டார்கள்.

மகிழம்பூ:
இருவருக்கும் நன்றி. அப்படியென்றால் மூளையில் அந்த முதல் நொதியைக் கூட்ட மருந்து ஏதாவது உண்டா?

நுண்ணோக்கி:
எடைக்காக அப்படி ஒரு மருந்து கிடையாது. மூளையில் மட்டும், அதுவும் வேண்டிய நரம்பணுக்களில் மட்டும் கூட்டுவது பெரும் பாடு. உடல் முழுக்கக் கூட்டினால் கொழுப்புத் திசுவிலும் கூடிவிடும். மேலே நான் சொன்னவை எல்லாம் எலி, சுண்டெலி ஆய்வுகள். அவற்றை நம்பி நெட்டில் விற்கும் எந்தப் பொடியையும் வாங்காதீர்கள்.

உங்கள் மாத்திரையில் கவனிக்க வேண்டியது வேறு. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடலில் சேர்வதை அது குறைக்கும். வைட்டமின் மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கொடுத்தால், ஆர்லிஸ்டாட்டுக்கும் அதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரவு படுக்கும்போது போட்டுக்கொள்வது வசதி.