வீடு ஒழித்தபோது நடந்து, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்று

வண்டிச்சோலை

குன்னூர் வீட்டைக் கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூர் போகிற நேரம். பதினெட்டு வருடச் சாமான். ஒரு பிக்கப் வண்டிக்காரரிடம் பணத்தைக் கொடுத்து, "எல்லாத்தையும் குப்பைக் கிடங்குல சேர்த்துடுங்கண்ணா" என்றேன். ஓட்டுப்பட்டறைக் கிடங்கில் குப்பையைத் தரம் பிரிக்கிறார்கள் என்று தெரியும். அதனால் நான் எதையும் பிரிக்கவில்லை. மெத்தை, ஷூ, மாத்திரை அட்டை, பால் கவர் எல்லாம் ஒரே சாக்கு. வண்டி கிளம்பியதும் காலி அறையில் உட்கார்ந்து டீ குடித்தேன். அவ்வளவு நிம்மதி.

பத்து நாள் கழித்துக் கோத்தகிரி ரோட்டில் வருகிறோம். ஒரு வளைவில் காட்டு மாடுகள். வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். சரிவில் நின்ற ஒன்று எதையோ மென்றுகொண்டிருந்தது. மகள்தான் முதலில் பார்த்தாள். "அம்மா, அது என் பேகு."

யூகேஜி பை. ஊதா நிறம். அதில் அவள் பெயரை நான்தான் வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருந்தேன். பையின் வார் அந்த மாட்டின் வாயில் இருந்தது. பக்கத்தில் எங்கள் சாக்குகள் கிழிந்து, கீழே ஓடை வரைக்கும் எங்கள் வீடு சிதறிக் கிடந்தது.

மறுநாள் இரண்டு ஆட்களோடு போய் முடிந்த வரை பொறுக்கி எடுத்தோம். ஓடையில் போனது போனதுதான். அந்த மாடு எவ்வளவு விழுங்கியது என்று இன்றைக்கும் தெரியாது. வண்டிக்காரர் செய்தது தவறுதான், ஆனால் பிரிக்காமல் கட்டிக் கொடுத்தது நான். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

இந்து நகர்க்காரன்

என்னுடையது குப்பை பற்றியது இல்லை. அப்பா ஊட்டி ஃபிலிம் ஆலையில் பூச்சுப் பிரிவில் இருந்தவர். வெளிச்சம் பட்டால் ஃபிலிம் வீணாகிவிடும் என்பதால் முழுக்க இருட்டில் செய்கிற வேலை. 1967-இல் உற்பத்தி தொடங்கிய ஆலை. 'இந்து' ஃபிலிம் என்றால் பழைய ஸ்டுடியோக்காரர்களுக்குத் தெரியும். ஆலை நின்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறபோது லீவு போட்டு வந்தேன். அப்பா மாத்திரை வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

பீரோவின் மேல் தட்டில் ஒரு எக்ஸ்ரே ஃபிலிம் டப்பா, பிரிக்காதது. தேதி முடிந்து பல வருடங்கள். உள்ளே சரக்கு இருக்கிறதா, வெறும் டப்பாவா என்று பார்க்கலாம் என்று டேப்பைக் கிழித்து, கறுப்பு உறையையும் பிரித்து, ஜன்னல் ஓரம் பிடித்தேன்.

"மூடு, மூடுடா!" வாசலிலிருந்து ஓடி வந்தார். எழுபது வயது, முழங்கால் வலி. போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி டப்பாவின் மேல் போர்த்தினார். இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அப்புறம் அவருக்கே தெரிந்துவிட்டது, இனி மூடி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று. ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு தாளை வெளியே எடுத்து, விரலால் ஓரத்திலிருந்து ஓரம் வரை தடவினார். "பூச்சு எவ்வளவு சீரா இருக்கு பாரு" என்றார்.

ஃபிலிமில் வெள்ளி இருக்கிறது, எக்ஸ்ரே ஃபிலிமை எடைக்கு எடுப்பார்கள் என்று அன்று காலையில்தான் நான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

பூம்பாறை மருமகள்

நான் தேனிக்காரி. கல்யாணமாகி வந்த முதல் வருடம் நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் சமையலறையை நானே ஒழிக்கிறேன் என்று இறங்கிவிட்டேன். அடுப்புக்கு மேலே பரண். அதில் கரி படிந்து கறுத்த பூண்டுக் கொத்துகள் தொங்கின. எத்தனை மாதமாக இருக்கிறதோ, ஒரே ஒட்டடை. பூண்டை அடுப்புப் புகையில் போட்டு வைத்தால் வருடம் முழுக்கக் கெடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்தபோது ஊரே பேசியது, எனக்கு மட்டும் அந்தப் பரண்தான் ஞாபகம் வந்தது.

அத்தனையையும் அறுத்து எருக்குழியில் கொட்டிவிட்டேன். பரணைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தேன். அத்தை தோட்டத்திலிருந்து வந்ததும் காட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அவர் மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

அது அடுத்த நடவுக்கு வைத்திருந்த விதைப்பூண்டு. அத்தை சாணிக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் துடைத்து வைத்தார். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. நான் குடை பிடித்தேன். "நீ உள்ள போம்மா, குளிரும்" என்றார். பாதிக்கு மேல் தேறவில்லை. அந்த நடவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கடன் சொல்லி விதை வாங்கினார்கள்.

கோத்தகிரி மேல்வீதி

மூன்றையும் படித்தேன், வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் நான் மாறுபடுகிறேன். மூவரும் "தூக்கிப் போட்டது தப்பு" என்கிற மாதிரி எழுதுகிறீர்கள். இந்த மலையில் சேர்த்து வைப்பதுதான் ஆபத்து. எங்கள் பின்கட்டில் பழைய எண்ணெய் டின்களையும் வெல்ல மூட்டைச் சாக்கையும் "வேண்டியிருக்கும்" என்று போட்டு வைத்திருந்தோம். ஒரு ராத்திரி கரடி கதவைப் பெயர்த்துவிட்டு உள்ளே வந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் அது டின்னை நக்குகிற சத்தம், இந்தப்பக்கம் நானும் என் பையனும். அவ்வளவுதான் என் கதை. மறுநாளே பின்கட்டைக் காலி செய்தேன்.

வீட்டைப் புதிதாக ஒழிக்கிறவர்களுக்காகச் சிலது சொல்கிறேன். நமக்கு ஜூனில் தென்மேற்கு, அது முடிந்தால் வடகிழக்கு, டிசம்பர் வரை ஈரம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அடிக்கிற வெயில்தான் நம் வீட்டைக் காப்பாற்றுவது, எனவே பெரிய ஒழிப்பை அப்போது வையுங்கள், போகிக்கு வைக்காதீர்கள். ஜனவரியில் பனி பெய்யும்போது கம்பளியை வெளியே போட்டால் இன்னும் ஈரமாகித்தான் உள்ளே வரும். பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். நான்கு விரல் இடைவெளி இருந்தாலே பின்பக்கம் பூசணம் பிடிப்பது குறையும். அட்டைப்பெட்டியைத் தரையில் வைக்கவே வேண்டாம், சிமென்ட் தரையின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும், இராமபாணப் பூச்சி அங்கேதான் குடியிருக்கும்.

ஸ்வெட்டரைத் துவைக்காமல் உள்ளே வைக்காதீர்கள். அந்துப்பூச்சியின் புழு வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட இடத்தைத்தான் முதலில் தின்னும். பாச்சை உருண்டை போட்ட துணியைப் பச்சைக் குழந்தைக்குப் போடாதீர்கள், ஜி6பிடி என்கிற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அதனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். துணி காய வேண்டும் என்று மூடிய அறையில் கரி அடுப்பு வைக்காதீர்கள், அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அலமாரிக்குள் சிறிய குண்டு பல்பு எரியவிடுவது நல்ல பழக்கம். கடைசியாக, ஒரு வருடம் கை படாத எந்தப் பொருளும் உங்களுக்குத் தேவையில்லாத பொருள். யோசிக்காமல் வெளியே போடுங்கள்.

பூம்பாறை மருமகள்

அண்ணா, ஈரம் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. கடைசி வரி மட்டும் சரியில்லை. விதையை யாரும் கையால் தொட மாட்டார்கள். தொடாமல் இருப்பதற்காகத்தான் அது பரணில் இருக்கிறது. நானும் அன்றைக்கு உங்களைப் போலத்தான் யோசித்தேன்.

அப்புறம், அந்த பல்பு துணியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பட்டுப்புடவை கருகிப்போனது.

சேரம்பாடி லயன்

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். "ஒரு வருடம் கை படாத பொருள்" என்று படித்ததும் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

தாத்தா காலத்தில் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் வந்தவர்கள் என்றால் கூடலூர், பந்தலூர் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அப்பா ஓய்வு பெற்றதும் லயன் வீட்டை, அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டை, விட வேண்டும். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அதில் அவ்வளவு சாமான் எப்படி இருந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. நான்தான் பொறுப்பு எடுத்துச் செய்தேன். திருப்பூரில் வேலை, நான்கு நாள்தான் லீவு.

கப்பலில் வந்த தகரப்பெட்டி கட்டிலுக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. திறந்தால் பழந்துணி, நூல் பிரிந்த ஒரு ஸ்வெட்டர், ஒட்டிக்கொண்ட காகிதங்கள். ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், ஆதார் இதையெல்லாம் தனியாக எடுத்து ஒரு ஃபைலில் போட்டேன். மீதி எல்லாம் மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்து, பூசண வாசனை. அன்று போகி. வாசலில் எரிகிற தீயில் போட்டேன். பெட்டியை மட்டும் அப்பா விடவில்லை.

ஏழு மாதம் கழித்துச் சான்றிதழ் விஷயமாக ஒரு அலுவலகத்துக்கு அப்பாவோடு போனேன். மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் தாயகம் திரும்பியவர்களின் குடும்ப அட்டையைக் கேட்டார். அப்பா சிரித்த முகத்தோடு, "இருக்குதுங்க சார், பத்திரமா இருக்குது" என்றார். பிறகு கையை விரித்து இவ்வளவு பெரிய காகிதம் என்று காட்டினார். யார் யார் வந்தார்கள், அப்போது யாருக்கு என்ன வயது என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும் என்றார். அவர் வயது நான்கு, அத்தைக்கு ஒன்றரை. காற்றிலேயே வரி வரியாக விரல் வைத்துச் சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த மடிப்பும் அந்த மஞ்சளும் எனக்குத் தெரிந்துவிட்டது.

இன்னும் அவரிடம் சொல்லவில்லை. பெட்டியில்தான் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அடித்தட்டைக் கத்தியால் நெம்பிப் பார்த்திருக்கிறார்.

வண்டிச்சோலை

சொல்லிவிடுங்கள் தங்கச்சி. அவர் தேடிக்கொண்டே இருக்கிறார்.

கோத்தகிரி மேல்வீதி

அந்தக் கடைசி வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

சேரம்பாடி லயன்

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். ராத்திரி பஸ், காலையில் கூடலூர். அப்பாவுக்கு மட்டும் போன் பண்ணி வருகிறேன் என்று சொன்னேன். "வரும்போது நல்ல ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு வாங்கிட்டு வாம்மா" என்றார். பெட்டியின் மூடியைக் கழற்ற வேண்டுமாம்.