பெர்த் முதல் எக்ஸ்மவுத் வரை கேரவனில்: வழியில் எதிர்ப்பட்டவர்கள், எதிர்ப்பட்டவை

மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையோரம் கேரவனில் போய் வந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். பார்த்த இடங்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வழியில் யார் எதிர்ப்பட்டார்கள், எது வந்து முன்னால் நின்றது என்று கேட்கத்தான் எனக்கு ஆசை. நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

2019 ஆகஸ்ட். பெர்த்தில் வேலை பார்க்கும் நான்கு நண்பர்கள், ஒரு டீசல் ஜீப், பின்னால் ஒரு பழைய கேரவன். எக்ஸ்மவுத் வரைக்கும் சுமார் 1,250 கிலோமீட்டர். அவசரக்காரர்கள் இரண்டே நாளில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நாங்கள் போவதற்கு மட்டும் பதினாறு நாள் எடுத்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை, மாலை நான்கு மணிக்குள் எங்காவது நிறுத்திவிட வேண்டும் என்று கிளம்பும்போதே பேசி வைத்திருந்தோம். நான்கு மணி என்று வைத்ததற்குக் காரணம் கங்காரு. பொழுது சாயும் நேரத்தில்தான் அவை சாலையோரம் மேய வரும். கேரவனை இழுத்துக்கொண்டு போகும் வண்டியைச் சட்டென்று நிறுத்த முடியாது.

முதல் சந்திப்பு செர்வாண்டஸ் என்ற ஊரில், இரண்டாம் நாள் சாயங்காலம். கேரவன் பார்க்கில் எங்களுக்குக் கொடுத்த இடத்தில் கேரவனைப் பின்னால் எடுத்து விட வேண்டும். மூவர் மூன்று பக்கம் நின்று கத்தினார்கள். நான் ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் அது வலது பக்கம் போனது. இருபது நிமிடம் ஆனது. பக்கத்துக் கேரவனில் இருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார், வயது எழுபத்தைந்துக்குக் குறையாது. ஓய்வு பெற்ற பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் கேரவனிலேயே சுற்றுகிறவர்களை இங்கே கிரே நோமாட்ஸ் என்பார்கள். இவரும் இவர் மனைவியும் அந்த வகை. மற்ற மூவரையும் சைகை காட்டி ஒதுங்கி நிற்கச் சொன்னார். என் கையை எடுத்து ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் வைத்தார். “கேரவனின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்து. கோணலாகிவிட்டால் அங்கேயே சரிசெய்யப் பார்க்காதே. முன்னால் போய் நேராக்கிவிட்டு மறுபடி வா” என்றார். அவ்வளவுதான். இரண்டாவது முயற்சியில் உள்ளே போய்விட்டது. அன்று இரவு எங்கள் தேநீரைக் குடித்துக்கொண்டு அவர்கள் இருவரும் பத்து மணி வரை பேசிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது என் கை தானாக ஸ்டியரிங்கின் அடிக்குப் போகிறது.

அப்புறம் ஹாமலின் பூல் என்ற விரிகுடா. ஷார்க் பே பகுதி 1991-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததற்கு இங்கே இருக்கும் ஸ்ட்ரோமட்டோலைட்டுகளும் ஒரு காரணம். பார்த்தால் ஆழமில்லாத நீரில் கிடக்கும் கறுப்புப் பாறைகள் போலத்தான் இருக்கும். நுண்ணுயிர்கள் மணலையும் சுண்ணத்தையும் பிடித்துப் பிடித்துக் கட்டியவை அவை. வருடத்துக்கு அரை மில்லிமீட்டர்கூட வளராது. விரிகுடாவின் வாயில் கடற்புல் திட்டு தடுப்பதால் தண்ணீர் எளிதில் மாறுவதில்லை. வெயிலில் வற்றி, உப்பு சாதாரணக் கடலைப் போல இரண்டு மடங்கு ஏறிவிடுகிறது. இவற்றை மேய்ந்து தின்னும் உயிரினங்களால் அந்த உப்பில் வாழ முடியாது, அதனால்தான் இவை பிழைத்திருக்கின்றன. இதே வகையின் புதைபடிவங்கள் இந்த மாநிலத்திலேயே வடக்கே பில்பராவில் கிடைத்திருக்கின்றன. அவற்றுக்கு வயது சுமார் 350 கோடி ஆண்டு.

அவற்றைப் பார்க்கப் போட்டிருந்த மரப்பாலத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. காற்றும் அன்று அடங்கியிருந்தது. எங்களில் ஒருவன் குப்புறப் படுத்துப் பலகை விளிம்பில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். “டேய், இங்கே வாங்கடா” என்றான். போய்ப் படுத்தோம். கறுப்புப் பரப்பின் மேல் குண்டூசித் தலை அளவுக்குக் குமிழிகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாக விடுபட்டு மேலே வந்து உடைந்தன. ஆக்சிஜன். நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்சிஜன் ஆதியில் சேர்ந்தது இப்படித்தான். கொஞ்சம் தள்ளி நுண்ணுயிர்ப் படலத்தின் மேல் பழைய வண்டித் தடங்கள் இருந்தன. அந்தக் காலத்தில் கம்பளி மூட்டைகளைக் கரையிலிருந்து படகுக்குக் கொண்டுபோன வண்டிகளின் தடம். இத்தனை வருடமாகியும் அந்தப் படலம் வளர்ந்து தடத்தை மூடவில்லை. ஒன்றரை மணி நேரம் அங்கேயே கிடந்தோம்.

அங்கிருந்து டென்ஹாம் போகும் வழியில் நிலம் குறுகும் இடத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தபோது நாய் குரைத்தது. சுற்றிலும் புதர். வீடு கிடையாது, ஆள் கிடையாது. இறங்கித் தேடினோம். நரியும் காட்டுப் பூனையும் தீபகற்பத்துக்குள் நுழையாமல் குறுக்கே வேலி போட்டிருக்கிறார்கள். 1990-களில் தொடங்கிய ப்ராஜெக்ட் ஈடன் என்ற திட்டம் அது. சாலை போகும் இடத்தில் மட்டும் வேலி போட முடியாதே, அங்கே ஒலிப்பெருக்கியில் நாய் குரைக்கும் சத்தத்தை வைத்திருக்கிறார்கள். பில்பி போன்ற சிறிய விலங்குகளைக் காப்பாற்ற இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று அந்த இடத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

கார்னர்வனைத் தாண்டியதும் ரோட் ட்ரெயின்கள் அதிகம், பல ட்ரெய்லர்களை வரிசையாக இழுத்துப் போகும் லாரிகள் அவை. வடக்கே 53.5 மீட்டர் நீளம் வரை அனுமதி உண்டு. ஒன்று பின்னால் வந்ததும் என் நண்பனின் கை ஸ்டியரிங்கை இறுக்கியது. வண்டியில் இருந்த இருவழி வானொலியில் 40-ஆம் சேனல், லாரிக்காரர்கள் பேசுவது. அதில் அந்த ஓட்டுநரின் குரல் நிதானமாக வந்தது: “வேகத்தை மாற்றாமல் அப்படியே போ, நண்பா. பிரேக் போடாதே. நான் வலது பக்கம் வந்ததும் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்து.” கடக்கும்போது காற்று முதலில் எங்களை ஓரத்துக்குத் தள்ளியது, அடுத்து லாரியின் பக்கம் இழுத்தது. கடைசி ட்ரெய்லர் எங்கள் மூக்கைத் தாண்டியதும், “நீ தாண்டிவிட்டாய், உள்ளே வரலாம்” என்று நாங்கள் சொன்னோம். அதை நாம் சொல்லிவிட்டால் அவர்களுக்குப் பெரிய உதவி என்று செர்வாண்டஸ் பெரியவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். ரோட் ட்ரெயின் ஓட்டுநர் இடது, வலது இண்டிகேட்டரை ஒவ்வொரு முறை போட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். முகத்தைக் கடைசி வரை பார்க்கவே இல்லை.

எக்ஸ்மவுத் பக்கத்து நிங்கலூ பவளத்திட்டைப் பற்றி எல்லாரும் எழுதுவீர்கள், எனக்கு ஒரு ஆமை போதும். டர்கோய்ஸ் பேயில் தெற்குப் பக்கம் நடந்து போய்க் கடலில் இறங்கினால் நீரோட்டம் நம்மை வடக்கே மிதக்க வைத்துக்கொண்டு போகும், கீழே பவளம் நகரும். மணல் முனை வருவதற்கு முன்னால் கரையேறிவிட வேண்டும். அதைத் தாண்டினால் பவளத்திட்டின் இடைவெளி வழியாக ஓட்டம் வெளியே இழுத்துவிடும். அறிவிப்புப் பலகையில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். ஒருவன் கரையில் சைகை காட்ட ஆரஞ்சு நிறத் துண்டுடன் நின்றான், மூவர் இறங்கினோம்.

பச்சை ஆமை, மேசை அகலம் இருக்கும். பாறையில் இருந்த பாசியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. ஓடு முழுக்கப் பாசி, அதில் ஒரு சின்ன மீன் கொத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஆமை மேலே வந்தது. என் தலைக்கு இரண்டு கை தூரத்தில் மூக்கை வெளியே நீட்டியது. ஒரு மனிதன் சுமையை இறக்கி வைத்துவிட்டு விடும் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். மறுபடி உள்ளே போனது. நானும் பின்னாலேயே போனேன். நீரோட்டத்தை மறந்துவிட்டேன். தலையைத் தூக்கியபோது ஆரஞ்சுத் துண்டு பைத்தியம் பிடித்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தது, மணல் முனை ரொம்பப் பக்கத்தில். இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு நீந்திக் கரையேறினேன். கரையில் நின்றவன் திட்டவில்லை, துண்டை என் மேல் போர்த்தினான். அவன் கை நடுங்கியது. அவன் அங்கே நிற்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன். யாராக இருந்தாலும் தயவுசெய்து கரையில் ஒருவரை நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

* * *

அண்ணா, நாங்கள் 2022 ஜூனில் போனோம். ஹாமலின் பூலின் அந்த மரப்பாலத்தில் உங்களைப் போல நடக்க எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 2021 ஏப்ரலில் வந்த செரோஜா புயலில் அது உடைந்துவிட்டது. கரையில் நின்றுதான் பார்த்தோம்.

எங்களுக்கு மறக்க முடியாத சந்திப்பு கல்பாரியில். புயல் கரையைக் கடந்தது அதற்குச் சற்றுத் தெற்கேதான். ஒரு வருடம் கழித்தும் தார்ப்பாய் போட்ட கூரைகள் இருந்தன. கேரவன் பார்க்கில் துணி துவைக்கும் இடத்தில் ஒரு அம்மா பேச்சுக் கொடுத்தார், அந்த ஊர்க்காரர். கூரை போன பிறகு குளியலறையில் மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னார். “உங்களை மாதிரி ஆட்கள் திரும்ப வர ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்குத் தைரியம் வந்தது” என்றார். ஒரு ராத்திரி மட்டும் தங்குவதாக இருந்தோம், நான்கு ராத்திரி தங்கினோம். முர்சிசன் ஆற்றுப் பள்ளத்தாக்கை அதனால் நிதானமாகப் பார்க்க முடிந்தது.

* * *

நான் ஒரே ஒரு நிமிடத்தைப் பற்றி எழுதுகிறேன். 2023 ஏப்ரல் 20, எக்ஸ்மவுத், முழுச் சூரிய கிரகணம். ஊருக்கு வெளியே மைதானம் போன்ற இடத்தில் வரிசை வரிசையாகக் கேரவன்கள். இரண்டு குடும்பமாகப் போயிருந்தோம். மூன்று நாள் முன்னாலேயே போய்விட்டதால் சுற்றியிருந்த எல்லாரும் பழகிவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் தொலைநோக்கி கொண்டுவந்திருந்தார், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அவரை விட்டு நகரவே இல்லை.

காலை பதினொன்றரை மணிக்குப் பக்கத்தில் வெளிச்சம் ஒரு மாதிரி மெலிந்தது. நிழல்களின் ஓரம் கத்தியால் நறுக்கியது போலக் கூர்மையானது. வெயில் சுட்ட தோள் குளிர்ந்தது. கத்திக்கொண்டிருந்த கொரெல்லா கிளிகள் மரத்துக்குத் திரும்பின. அப்புறம் இருட்டு. சூரியன் இருந்த இடத்தில் கறுப்பு வட்டம், விளிம்பில் இளஞ்சிவப்பாகச் சின்னச் சின்ன தீ நாக்குகள். வெள்ளியும் வியாழனும் தெரிந்தன. தொடுவானம் சுற்றிலும் சூரியன் மறைகிற நிறம். தொலைநோக்கிக்காரர் தொலைநோக்கியைத் தொடவே இல்லை, தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். முகம் தெரியாத ஆட்கள் எல்லாரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தோம். நிமிடம் ஒன்றுதான். அந்தத் தொலைநோக்கிக்காரர் இன்றும் எங்களுக்குக் கடிதம் போடுகிறார்.

* * *

தங்கச்சி, படித்ததும் இதை ஆரம்பித்து வைத்த எனக்கும் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் எப்படிச் சமாளித்தீர்கள் என்று தனியாகக் கேட்டவருக்கு: கேப் ரேஞ்ச் பூங்காவின் ஆஸ்ப்ரே பே போன்ற முகாம்களில் குடிநீரும் மின்சாரமும் கிடையாது, எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும். எக்ஸ்மவுத்திலேயே டேங்க்கை நிரப்பிக்கொண்டோம். பாத்திரத்தைக் கடல் நீரில் கழுவி, கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசினோம். நான்கு பேருக்கு ஐந்து நாள் தாராளமாக வந்தது. விடியற்காலையில் பவளத்திட்டுக்கு அப்பால் ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் துள்ளும், படுக்கையில் இருந்தபடியே பார்க்கலாம்.

ஈமு பார்த்தீர்களா என்றும் தனியாகக் கேட்டிருந்தீர்கள். திரும்பக் கிளம்பும் அன்று காலை, எக்ஸ்மவுத் கேரவன் பார்க்கில். ஈமுவில் அடைகாப்பதும் வளர்ப்பதும் அப்பாதான். ஆறு குஞ்சுகளோடு ஒரு அப்பா வந்தது. குஞ்சுகளின் உடம்பில் பழுப்பும் வெள்ளையுமாகக் கோடு. ஜீப்பின் அடியில் இருந்த நிழலுக்குள் குஞ்சுகள் போய் உட்கார்ந்துகொண்டன. அப்பா பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்தது. கேரவனை மாட்டி, விளக்கெல்லாம் சரிபார்த்து, எல்லாம் தயார். யாரும் கதவைத் திறக்கவில்லை. மடக்கி வைத்த நாற்காலிகளை மறுபடி விரித்து உட்கார்ந்தோம். குஞ்சுகள் எழுந்து போக முக்கால் மணி நேரம் ஆனது.